கொசுப்படுகைப் பக்கம்

எங்கள் ப்ரூனர் ஊரில் ஒருவன் எல்க் மான் சுட்டுக்கொண்டு வந்தால், "எங்க சுட்டே?" என்று கேட்பது மரியாதை. "கொசுப்படுகைப் பக்கம்" என்று பதில் சொல்வதும் மரியாதை. அது பொய் என்று கேட்டவனுக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும் என்பது சொன்னவனுக்கும் தெரியும். இருவரும் தலையாட்டிவிட்டு வானிலையைப் பற்றிப் பேசுவார்கள். ஆகஸ்டில் வாளி நிறைய ஹக்கிள்பெரிப் பழம் பறித்து வரும் பெண்களும் இதையேதான் சொல்வார்கள். மீன் பிடிக்கப் போனவர்களும் இதையேதான் சொல்வார்கள். எங்கள் பாதிரியார் பிரசங்கம் முடித்து இறங்கிய சூட்டோடு ஒருமுறை இதைச் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

கொசுப்படுகை என்பது ஊருக்கு வடக்கே, மலைமுதுகுக்கு அப்பால் கிடக்கும் சேற்று வெளி. அங்கே மான் கிடையாது, பழம் கிடையாது, மீன் கிடையாது. ஐடஹோ மாநிலம் உண்டான நாளிலிருந்து அங்கே யாரும் மனமறிந்து போனதில்லை. அதனாலேயே அந்தப் பெயர் பொய்க்கு வசதியாக இருந்தது.

இந்த வழக்கம் தெரியாத ஒரே கூட்டம் லான்ஸ்ஹெட் தேசிய வன அலுவலகம். அங்கே வருகிற அதிகாரிகள் பெட்டியைப் பிரிப்பதற்குள் மாற்றலாகிப் போகிறவர்கள். ஊரைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு நேரமில்லை. ஊரைப் பற்றி அறிக்கை எழுத மட்டும் எப்படியோ நேரம் கிடைத்துவிடும்.

லான்ஸ்ஹெட் வனத்தில் அன்றுவரை சாலை போடாத காடு நிறைய இருந்தது. அதில் எதை எதை என்றைக்கும் சாலையில்லாமல் காப்பாற்றுவது, எதை எதை 'விடுவிப்பது' என்று அலுவலகம் முடிவு செய்யப் போவதாக ஒரு வசந்தத்தில் அறிவிப்பு வந்தது. விடுவிப்பது என்றால் சாலை போடுவது. இத்தனை காலம் அந்த மரங்கள் ஜெயிலில் இருந்தது எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அறிவிப்பைப் படித்து உண்மையிலேயே பயந்தவன் வெர்ன் அரானா. ஸ்பெயின் மலைப்பக்கத்திலிருந்து ஆடு மேய்க்க வந்த பாஸ்க் இனத்துக் குடும்பம். அவன் காலத்தில் ஆடு போய் எஞ்சின் வந்துவிட்டது. மோட்டார் ரம்பம், புல்வெட்டி, பனிவண்டி, எது பழுதானாலும் அவன் கொட்டகைக்குத்தான் வரும். நாள் முழுக்க அலறுகிற எஞ்சின்களுக்கு நடுவே நிற்பவன். அவன் காதில் ராத்திரியில்கூட ஒரு ரம்பம் ஓடிக்கொண்டே இருக்கும் என்று அவன் மனைவி மேவிஸ் சொல்வாள். அக்டோபர் வந்தால் கடையைப் பூட்டிவிட்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நடந்தே ஊமை ஓடைப் பள்ளத்துக்குப் போவான். அங்கே எந்தப் பக்கம் காது கொடுத்தாலும் ஒரு எஞ்சினும் கேட்காது. வருகிற எல்க் இறைச்சி குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு ஆகும். ஆனால் இறைச்சிக்காக மட்டும் அவன் போகவில்லை. அந்த ஓடையை அவன் யாரிடமும் சொன்னதில்லை. "கொசுப்படுகைப் பக்கம்" என்று மட்டும் ஊரில் அவன் அளவுக்கு அழுத்தமாக யாரும் சொன்னதில்லை.

மக்கள் கருத்து கேட்கும் நாளில் பள்ளிக்கூட விளையாட்டு அரங்கத்தை நான்தான் திறந்துவிட்டேன். அந்தப் பள்ளியில் கொதிகலன் பார்க்கிற வேலை எனக்கு. நாற்காலி எடுத்துப் போடப் போனபோது வன அதிகாரி மார்லா விட்கோம் ஓடி வந்து தடுத்தார்.

"நாற்காலி வேண்டாங்க. நாற்காலி போட்டா உக்காருவாங்க. உக்காந்தா பேச ஆரம்பிச்சிடுவாங்க."

"மைக்காவது வைக்கட்டுமா மேடம்?"

"ஐயோ, மேடம் எதுக்கு? மார்லான்னே கூப்பிடுங்க. மைக்கும் வேண்டாம்."

மார்லா விட்கோமை எல்லோரும் மார்லா என்றே கூப்பிட வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அப்படிக் கூப்பிட ஆரம்பித்த பிறகு அந்த அம்மாள் மேல் கோபப்படுவது கஷ்டம். பழைய அதிகாரிகளுக்கு இந்த வித்தை தெரியாமல் ஊராரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

ஊர் கூடியதும் மார்லா ஒரு பெட்டி மேல் ஏறி நின்றார். "இது கூட்டம் இல்லீங்க. கூட்டம்னா ஒருத்தர் பேசணும், மத்தவங்க கேக்கணும். இங்க யாரும் பேச வேண்டாம், யாரும் கேக்க வேண்டாம். இதுக்குப் பேருதான் கலந்துரையாடல். பிஸ்கட் அந்த மேசையில இருக்கு."

அடுத்து டாக்டர் கிப்சன் ஃபேல் முன்னே வந்தார். வன அலுவலகம் வெளியூரிலிருந்து சம்பளத்துக்கு அமர்த்திய நிபுணர். முனைவர் பட்டம் எதில் என்று கேட்டபோது, "கேக்குறதுல" என்றார். அரங்கத்தின் சுவரில் வனத்தின் வரைபடத்தைக் கூரையிலிருந்து தரைவரை ஒட்டியிருந்தார். ஆளுக்கு ஒரு தாளில் சில பச்சைப் பொட்டுகள் கொடுத்தார், பெண்கள் நெற்றியில் ஒட்டுகிற மாதிரி.

"காட்டுல உங்க மனசுக்கு ரொம்பப் பிடிச்ச இடம் எதுவோ, அங்க ஒட்டுங்க. வார்த்தை பொய் சொல்லும். பொட்டு பொய் சொல்லாது. இருபது வருஷமா இதை ஆராய்ச்சி பண்ணியிருக்கேன்."

வரிசையில் முதல் ஆளாக நின்றவன் வெர்ன். ஊமை ஓடையைக் காப்பாற்றத்தான் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு வந்திருந்தான். பொட்டை உரித்து விரல் நுனியில் வைத்துக்கொண்டான். வரைபடத்தில் ஊமை ஓடை அவன் கண்ணுக்கு நேராக, நீலக் கோடாக ஓடியது. கையைத் தூக்கினான். பின்னால் மூச்சு விடும் சத்தம் கேட்டது. திரும்பினால் பக்கத்து வீட்டு ரூலான் ஹேட்ச், கழுத்தை ஒட்டகமாக நீட்டிக்கொண்டு நின்றான்.

"ஒட்டு, ஒட்டு. நான் பாக்கல."

"பாக்கலைன்னா கண்ணை ஏன்டா இப்படி விரிச்சு வெச்சிருக்கே?"

"கண்ணாடி போடல, அதான்."

வெர்னின் கை காற்றில் நின்றது. பிறகு மெதுவாக வடக்கே நகர்ந்து, மலைமுதுகைத் தாண்டி, கொசுப்படுகையின் நடுவில் பொட்டை ஒட்டியது. மார்லாவின் உதவியாளர் அதைப் படம் எடுத்துக்கொண்டார். ரூலான் முகத்தில் ஏமாற்றம். அடுத்து அவன் ஒட்டினான், கொசுப்படுகையில். அவன் பின்னால் பாதிரியார். அவருக்குப் பின்னால் தபால்காரர், பல் வைத்தியர், மேவிஸ், மேவிஸின் தங்கை. என் பொட்டும் அங்கேதான் போய் உட்கார்ந்தது. மாலைக்குள் கொசுப்படுகை முழுக்கப் பச்சையாகி, இடமில்லாமல் பொட்டின் மேல் பொட்டாக ஏறியது. தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டே ஒவ்வொருவரும் இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தோம்.

கோடைக்கு முன்னால் அறிக்கை வந்தது. அட்டையில் வெர்னின் கை, விரல் நுனியில் பொட்டு. 'ஒரு குடிமகனின் நேசம்' என்று கீழே போட்டிருந்தார்கள். டாக்டர் ஃபேல் மறுபடி அரங்கத்துக்கு வந்து பெரிய திரையில் புதிய வரைபடத்தைக் காட்டினார். பச்சைப் பொட்டுகளை அவருடைய கணினி சிவப்பாக மாற்றியிருந்தது. கொசுப்படுகை ரத்தச் சிவப்பில் கனன்றது.

"இதுக்குப் பேரு அன்பு அடர்த்தி. நான் ஆராய்ச்சி பண்ணின எந்த ஊருலயும் மக்கள் ஒரே ஒரு இடத்தை இப்படி உயிரா நேசிச்சுப் பாத்ததில்ல. இந்த ஊரோட இதயம் கொசுப்படுகைதான்." அவருக்குக் குரல் தழுதழுத்தது. "இனி அங்க சாலை கிடையாது, சக்கரம் கிடையாது. என்னைக்கும் கிடையாது. உங்க பேரப் பிள்ளைங்க அதே சேத்துல நிப்பாங்க."

கைதட்டல் வரும் என்று காத்திருந்தார். ஊர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அடுத்து மார்லா வரைபடத்தில் ஒரு வெள்ளை இடத்தைக் குச்சியால் தொட்டார். "இது ஊமை ஓடைப் பள்ளம். இங்க ஒரு பொட்டு கூட இல்ல. யாரும் போறதில்ல, யாருக்கும் பிடிக்கல. பாவம், அனாதையா கிடக்கு. அதனால இதை விடுவிக்கிறோம். ரோடு போட்டு, கொஞ்சம் மரத்தை எடுத்து, காட்டோட ஆரோக்கியத்தைப் பாத்துக்கப் போறோம். நோயாளிகிட்ட டாக்டர் போகணும்னா ரோடு வேணுமில்லீங்களா?"

"காட்டுக்கு என்ன நோய்?" என்று யாரோ கேட்டார்கள்.

"போய்ப் பாத்தாத்தானே தெரியும். அதுக்குத்தான் ரோடு."

வெர்ன் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் கடையைத் திறக்காமல் நேராக வன அலுவலகத்துக்குப் போனான். மார்லா அவனைப் பார்த்ததும் எழுந்து வந்து கைகுலுக்கினார். அறிக்கை அட்டையில் இருக்கும் கை அல்லவா.

"மார்லா, என் பொட்டை இடம் மாத்தணும்."

"மாத்த முடியாதே வெர்ன். பொட்டு ஒரு உணர்ச்சி. உணர்ச்சிக்குக் கடைசித் தேதி முடிஞ்சுபோச்சு."

"அது பொய்ப் பொட்டு. நான் ஊமை ஓடைலதான் ஒட்டணும்னு வந்தேன். பின்னால ரூலான் நின்னான்."

மார்லா சிரித்தார், குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி. "பொய்யெல்லாம் கணக்குல எடுத்தாச்சு. கூட்டத்துல சில பேர் பொய் சொல்லுவாங்கன்னு டாக்டர் ஃபேலுக்குத் தெரியும். அதைக் கணினியே கழிச்சிடும்."

"சில பேர் இல்ல. மொத்த ஊரும் பொய் சொல்லிச்சு."

"மொத்த ஊரும் சொன்னா அது பொய் இல்ல வெர்ன். அது ஒருமித்த கருத்து."

வெர்ன் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தான். "சரி, ரோடு வேண்டாம்னு ஆட்சேபனையாவது பண்றேன். அதுக்கு வழி இருக்குதானே?"

"தாராளமா. அது உங்க உரிமை. ஒரு இடத்தைப் பத்தி ஆட்சேபிக்கணும்னா முன்னாடியே அந்த இடத்தைப் பத்திக் கருத்து சொல்லியிருக்கணும். ஊமை ஓடைல பொட்டு வெச்சவங்க யாரா இருந்தாலும் ஆட்சேபிக்கலாம்."

"அங்கதான் யாருமே பொட்டு வைக்கலையே."

"அதனாலதான் இன்னைவரைக்கும் ஆட்சேபனையே வரல. ரொம்ப சுமுகமா போயிட்டிருக்கு."

"அங்க ரோடு வரப் போகுதுன்னு தெரியாம நான் எப்படி முன்னாடியே கருத்து சொல்லுவேன்?"

"இதையேதான் எல்லாரும் கேக்குறாங்க," என்றார் மார்லா. கேள்வி நல்ல கேள்வி என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வெர்னின் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. புதுத் தகவல். அலுவலக நிகழ்ச்சில, அதிகாரி முன்னால, ஊர் முன்னால, வாய்விட்டுச் சொல்லணும். எந்த இடம், எங்க போறீங்க, என்ன பண்றீங்க, எல்லாம் பச்சையா சொல்லணும். அப்ப நாங்க மறுபடியும் முதல்லேர்ந்து கேட்டுத்தான் ஆகணும்."

அடுத்த நிகழ்ச்சி கொசுப்படுகை அர்ப்பண விழா. அட்டையில் கை இருப்பவன் என்பதால் ஊரின் சார்பில் பேச வேண்டியவனும் வெர்னே. வீடு வந்து சேரும்வரை கணக்குப் போட்டுக்கொண்டே வந்தான். வாயைத் திறந்தால் ஓடை ரூலானுக்குத் தெரிந்துவிடும். திறக்காவிட்டால் ரம்பத்துக்குப் போய்விடும்.

மேவிஸ் மேசையில் இறைச்சிக் குழம்பு வைத்திருந்தாள்.

"மேவிஸ், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படாதே."

"எந்த மெஷினை வாங்கித் தொலைச்சே?"

"மெஷின் இல்ல. நான் வேட்டைக்கு பேட்ஜர் கணவாய்க்குப் போறதா உன்கிட்ட சொல்லுவேனில்ல? அங்க போறதே இல்ல."

மேவிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்போ இத்தனை வருஷமா எவ வீட்டுக்குப் போனே?"

"ஊமை ஓடைக்கு."

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. மன்னித்துவிட்டாள் என்று வெர்ன் நினைத்தான்.

"மேல் பள்ளமா, கீழ்ப் பள்ளமா?" என்று கேட்டாள்.

"மேல் பள்ளம்தான். கீழ என்ன இருக்கு, வெறும்..." வெர்ன் நிறுத்தினான். "அங்க ரெண்டு பள்ளம் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

மேவிஸ் எழுந்து போய் ஹக்கிள்பெரி ஜாம் ஜாடியைக் கொண்டுவந்து அவன் முன்னால் டொக்கென்று வைத்தாள். "இது எங்க பறிச்சதுன்னு நினைச்சுத் தின்னுட்டிருந்தே?"

"கல்லறை மேட்டுக்குப் பின்னாலன்னு நீதானே சொன்னே."

"கல்லறை மேட்டுல பழம் காய்க்குமா? புத்தி வேண்டாம்?"

"அடிப்பாவி! அங்க கரடி இருக்கு. உனக்கு ஏதாவது ஆயிருந்தா நான் கல்லறைல போயி உன்னைத் தேடியிருப்பேன்."

"உன் கால் ஒடிஞ்சிருந்தா? நான் ஊரையே கூட்டிக்கிட்டு பேட்ஜர் கணவாய்ல நின்னு கத்தியிருப்பேன். அது உனக்குத் தெரியாது?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்லல."

"நீயும்தானே சொல்லல."

அதற்குமேல் சண்டை போடும் யோக்கியதை இருவருக்குமே இல்லாததால் சாப்பிட்டார்கள். தட்டைக் கழுவும்போது மேவிஸ் திரும்பாமலே சொன்னாள்: "போய்ச் சொல்லிடு வெர்ன். ரூலானுக்குத் தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும். ரோட்டுக்கு அவன் தேவலாம்."

ஜூலையில் விழா. ஊரின் இதயம் என்று ஊரே சொல்லிவிட்டதால் ஊர் போகாமல் இருக்க முடியவில்லை. சாலை இல்லாத இடம் என்பதால் எல்லோரும் மலைமுதுகு ஏறி இறங்கினோம். பேச்சு மேசையைக் கோவேறு கழுதை மேல் கட்டிக் கொண்டுவந்தார்கள். சேற்றின் விளிம்பில் முழங்கால் ஆழத்தில் நின்றபோது கொசுக்கள் மேகம்போல் எழுந்து வந்து எங்களை வரவேற்றன. இதற்கு முன்னால் மனித ரத்தம் பார்த்திராத கொசுக்கள். விருந்தைக் கொண்டாடின.

டாக்டர் ஃபேல் ஒரு கன்னம் வீங்கிய நிலையில் பேசினார். "பாருங்க, எப்படி உயிர்த்துடிப்பா இருக்கு. இந்த இடத்தை நீங்க ஏன் இவ்வளவு நேசிக்கிறீங்கன்னு எனக்கு இப்பத்தான் புரியுது." பாதிரியார் தன் கழுத்தில் ஓங்கி அறைந்துகொண்டார். அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டு டாக்டர் தொடர்ந்தார்.

பிறகு வெர்னைக் கூப்பிட்டார்கள். அவன் மேசையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். முகத்தில் உட்கார்ந்த கொசுவைக்கூட ஓட்டவில்லை.

"நான் இந்த இடத்துக்கு வந்ததே இல்ல," என்றான். "இன்னைக்குத்தான் முதல் தடவை. இங்க இருக்குற யாருமே வந்ததில்ல. நான் போறது ஊமை ஓடைக்கு."

ரூலான் சேற்றில் ஓரடி முன்னால் வந்தான். வெர்ன் தொடர்ந்தான்.

"என் பொழப்பு எஞ்சின். காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் அதுதான் கத்திட்டிருக்கும். ஊமை ஓடைல அது கேக்காது. வருஷம் முழுக்கப் பட்டினி கிடக்குற என் காதுக்கு அங்கதான் சோறு. அங்க ரோடு போடாதீங்க. அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது."

முதலில் வெடித்தவன் ரூலான். "டேய்! ஊமை ஓடையா? அங்க நான்ல போறேன்!"

"நீயா?"

"சாஞ்ச பாறைகிட்ட கல்லு கூட்டி அடுப்பு வெச்சது யாரு, நீயா?"

"நான்தான்."

"அடப் பாவி! எவனோ வெளியூர்க்காரன்னு நினைச்சு வருஷா வருஷம் அதை உதைச்சுக் கலைச்சுட்டு வரேனே!"

"அது கரடின்னு நினைச்சேன்டா நான்!"

தபால்காரர் இருமினார். தானும் அங்கேதான் மீன் பிடிப்பதாகச் சொன்னார். பல் வைத்தியர் சொன்னார். மேவிஸின் தங்கை, மேவிஸைப் பார்க்காமல், தானும் அங்கேதான் பழம் பறிப்பதாகச் சொன்னாள். பாதிரியார் சொன்னார். நானும் சொன்னேன். இத்தனை பேர் இத்தனை வருஷம் ஒரே பள்ளத்துக்குப் போய் எப்படி ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருந்தோம் என்று மார்லா திகைத்தார். அதில் திகைக்க ஒன்றுமில்லை. ஆள் சத்தம் கேட்டால் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது எங்கள் பழக்கம். எல்லோரும் ஒளிந்தால் யாரும் கண்ணில் படமாட்டார்கள்.

மலைமுதுகு ஏறி வீடு திரும்பும்போது ஊரே சிரித்துக்கொண்டு வந்தது. ரூலான் வெர்னின் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தான். எனக்குத் தெரிந்து எங்கள் ஊர் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை. ஓடை பிழைத்துவிட்டது என்று வெர்ன் வழியெல்லாம் மேவிஸிடம் சொல்லிக்கொண்டே வந்தான்.

மார்லா சொன்ன சொல் தவறவில்லை. மறுபடி அரங்கம், மறுபடி வரைபடம், மறுபடி பிஸ்கட். இந்தத் தடவை வரிசையில் யாரும் யாரிடமும் மறைக்கவில்லை. எல்லாப் பொட்டும் ஊமை ஓடையில் போய் விழுந்தது. பொட்டு போதவில்லை என்று இன்னொரு தாள் கேட்டு வாங்கினார்கள். வெர்ன் தன் பொட்டை மேல் பள்ளத்தில், சாய்ந்த பாறை இருக்கும் இடத்தில், கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தேய்த்துவிட்டான்.

முடிவு சொல்லும் நாளில் டாக்டர் ஃபேல் கண்ணைத் துடைத்துக்கொண்டே திரையைக் காட்டினார். ஊமை ஓடை கறுப்பாகத் தெரியும் அளவுக்குச் சிவந்திருந்தது.

"என் வாழ்க்கையில பதிவான உச்சபட்ச அன்பு இதுதான்," என்றார்.

மார்லா பெட்டி மேல் ஏறினார். "நீங்க பேசினீங்க. நாங்க கேட்டோம். இவ்வளவு பேர் இவ்வளவு ஆசையா போற ஒரு இடத்துக்கு இன்னைவரைக்கும் ஒரு ரோடு கூட இல்லைங்கிறது எங்களுக்கு வெக்கமா இருக்கு. வாகனம் நிறுத்த இடமில்ல. கழிப்பறை இல்ல. வயசானவங்க மரத்துக்குப் பின்னால ஒளிய வேண்டியிருக்கு. இந்த அநியாயத்துக்கு இன்னையோட முடிவு கட்டுறோம். ரோடு போடுறோம். ரெண்டு வழி ரோடு."

வெர்ன் எழுந்து நிற்கவில்லை, நாற்காலி இல்லாததால் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தான். "மார்லா, முன்னாடி யாரும் வரலை, அதனால ரோடு போடுறோம்னீங்க. இப்ப எல்லாரும் வராங்கன்னு ரோடு போடுறீங்களா?"

"ஆமா வெர்ன்," என்றார் மார்லா, அவன் கடைசியில் புரிந்துகொண்டதில் மகிழ்ந்து. "ரெண்டு விதமா கேட்டோம். ரெண்டு தடவையும் ஒரே பதில் வந்திருக்கு. ஆய்வு எவ்வளவு சரியா பண்ணியிருக்கோம்னு இதுலயே தெரியுது பாருங்க."

"அப்போ கொசுப்படுகை?"

"அது பாதுகாத்தாச்சு. கையெழுத்து போட்டாச்சு. அதை இனி யாரும் ஒண்ணும் பண்ண முடியாது. அதுல நீங்க நிம்மதியா இருக்கலாம்."

இந்தச் சாதனைக்காக மார்லாவுக்குப் பதவி உயர்வு வந்து, பெரிய நகரத்தில் பெரிய அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார். போகும்முன் வெர்னின் கொட்டகைக்கு வந்து, அவன் கைப் படம் போட்ட அறிக்கை அட்டையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனார். வெர்ன் அதை எங்கே வைத்தான் என்று நான் கேட்கவில்லை.

சாலை வந்தது. அடுத்த அக்டோபரில் வெர்ன் தன் வண்டியிலேயே, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தபடி, ஊமை ஓடைக்குப் போனான். சாய்ந்த பாறை இருந்த இடம் வாகன நிறுத்தமாகியிருந்தது. வெளியூர் வண்டிகள் குளிருக்கு எஞ்சினை அணைக்காமல் வரிசையாக உறுமிக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு பெரிய பலகை. அதில் எழுதியிருந்தது: "'என் பொழப்பு எஞ்சின். ஊமை ஓடைல அது கேக்காது.' வெர்ன் அரானா, உள்ளூர்வாசி." பலகைக்கு விளக்கு போட்டிருந்தார்கள். விளக்குக்கு ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வெர்ன் கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டான். பழக்கதோஷம், அதன் கார்புரேட்டர் சரியில்லை என்று தெரிந்தது. கூட்டத்தில் ஒருவன் பலகை முன்னால் நின்று படம் எடுத்துத் தரச் சொன்னான். வெர்ன் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டான். வீட்டுக்கு வந்து கொட்டகையில் உட்கார்ந்து அழுதான்.

லான்ஸ்ஹெட் வனத்தில் எங்களுக்கு எட்டும் தூரத்தில் சாலை இல்லாத இடம், சக்கரம் நுழையாத இடம், சட்டம் காக்கிற இடம் என்று இப்போது ஒன்றே ஒன்றுதான் மிச்சம். இரண்டு நாள் கழித்து வெர்ன் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, மலைமுதுகு ஏறி அங்கே போனான். அக்டோபர் குளிரில் கொசு செத்திருந்தது. மான் எப்போதும்போல் இல்லை. சேற்றின் நடுவே போய் நின்று காது கொடுத்துக் கேட்டான். எஞ்சின் கேட்கவில்லை.

சளக் சளக்கென்று கால் சத்தம் கேட்டது. வெர்ன் ஒளிய மரம் தேடினான். கொசுப்படுகையில் மரம் கிடையாது. எதிரே ரூலானும் பூட்ஸில் சேறு வழிய, துப்பாக்கியோடு, நாலு பக்கமும் திரும்பித் திரும்பி மரம் தேடிக்கொண்டிருந்தான். வேறு வழியில்லாமல் இருவரும் நேருக்கு நேர் நின்றார்கள்.

ரூலான்தான் முதலில் மரியாதைக்குக் கேட்டான்: "இந்த வருஷம் எங்க சுடப் போறே?"

வெர்ன் யோசித்தான்.

"ஊமை ஓடைப் பக்கம்," என்றான்.

ரூலான் தலையாட்டினான். பிறகு இருவரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள்.